திட்டுக்கு ஒரு ஆள்

யாரும் இல்லாத திட்டில் உலக்கை இடிக்கும் சத்தம் கேட்டது.

கிராம நிர்வாக அலுவலர் வினோதினி படகில் இருந்தபடியே காது கொடுத்தாள். கொள்ளிடத்துக்கு நடுவே கிடக்கும் கருவத்திட்டு அவள் பொறுப்பில் இருந்தது. சில கூரை வீடுகள், ஒரு ரேஷன் கடை, அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். அணையில் தண்ணீர் திறந்துவிட்டதால் மதியமே எல்லாரையும் சிதம்பரம் பக்கத்துக் கரையில் ஏற்றிவிட்டதாகத் படகைச் செலுத்தி வந்த தலையாரி உத்திராபதி சொல்லியிருந்தார். அவர் பிறந்ததே இந்தத் திட்டில்தான்.

"கதவு அடிச்சிக்குது மேடம். பொழுது சாயுது, போயிடலாம்."

"ஒரு உசுரு போச்சுன்னா நான்தாண்ணே பதில் சொல்லணும்."

பாழாய்ப்போன பொறுப்பு. இறங்கினாள். சேறும் அழுகிய நாணலும் நாறிய சந்தில், ஈரக் கூரைகள் சொட்டிக்கொண்டிருக்க, ஒவ்வொரு இடிக்கும் காலடி மண் அதிர, கடைசி வீட்டை நெருங்க நெருங்கக் கறிக்கடை வாசலில் வருமே அந்தப் பச்சை ரத்த வாடை அவள் தொண்டையில் ஏறியது.

கதவைத் தள்ளினாள்.

நடுக்கம்பத்தில் வீட்டுக்காரர் பழனிவேலைக் கட்டிவைத்திருந்தார்கள். அவர் மனைவி மங்கலம் அழுதுகொண்டே உலக்கையை ஓங்கி அவர் முழங்காலில் இறக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் என்று அங்கே எதுவும் மிச்சமில்லை.

"இந்தத் திட்ட ஆளில்லாம உடக் கூடாதும்மா," மங்கலத்துக்கு மூச்சு வாங்கியது. "உட்டா ஆறு மொத்தமா தின்னுடும். வெள்ளத்துக்கு வெள்ளம் ஒரு வூட்டு முறை. நீந்தி வந்துடக் கூடாதுன்னுதான் கால..."

வினோதினி பாய்ந்துபோய் அவர் கழுத்தைத் தொட்டாள். நாடி இல்லை.

"செத்துட்டாரும்மா! கொன்னுட்டியே!"

உலக்கை நின்றது. மங்கலம் வாசலைப் பார்த்தாள்.

"உத்திராபதிண்ணே, ஆத்துக்கு உடற ஆளு உசுரோடல்ல இருக்கணும்? இப்ப இன்னா பண்றது?"

உத்திராபதி உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். உலக்கையை வாங்கிக்கொண்டார்.

"போயிடலாம்னு சொன்னேனே மேடம்."

ஓடினாள். கதவு. தாழ்ப்பாள். முடியைப் பிடித்து இழுத்தார். தரை. முதல் அடி. எலும்பு நொறுங்கியது பல்லில் தெரிந்தது. அடுத்த அடி. யாரோ அலறினார்கள். அவள்தான்.

கண் விழித்தபோது வாசல் கம்பத்தில் கட்டுண்டு கிடந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. படகு இல்லை. கூப்பிடு தூரத்தில் கரை. அங்கே ஊரே வரிசையாக நின்றிருந்தது.

"காப்பாத்துங்க!"

ஒருவரும் அசையவில்லை. திரும்பவும் கத்தினாள். அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். பிள்ளைகளின் கைகளையும் பிடித்துக் குவித்துவைத்து, அவளைக் கும்பிட்டார்கள்.