சட்டையில் வினிகர் வாடை

கெமிக்கல் ஃபாக்டரியின் லேப் போன் அலறியது.

காலை ஏழு பத்து. லேப் கெமிஸ்டான அவள் ரிசீவரை எடுத்தாள்.

"அக்கா... உடனே சால்வென்ட் ஷெட்டுக்கு வாங்க!" வாட்ச்மேன் கத்தினார். "உங்க அண்ணன்..."

"அண்ணனுக்கு என்ன?"

பதிலுக்கு அழுகைதான் வந்தது.

ஓடினாள்.

சால்வென்ட் டாங்கியின் ஏணிக்குக் கீழே, சிமெண்ட் தரையில், மல்லாந்து கிடந்தான் அண்ணன். தலைக்கடியில் ரத்தம். மேலே டாங்கியின் மூடி திறந்திருந்தது.

"அண்ணே!"

அவளுக்கு முப்பது வயதாகியும் 'பாப்பா' என்று கூப்பிட்ட ஒரே வாய்... அசையவில்லை.

அவள் கணவன் ஓடிவந்து தாங்கிக்கொண்டான். அந்த ஷிஃப்டின் சூப்பர்வைசர் அவன்தான்.

"மச்சான் இப்படிப் பண்ணிட்டாரே... மாஸ்க் போடாம மூடியைத் திறந்திருக்கார். ஆவி தலைக்கேறி மேலேருந்து விழுந்துட்டார்!"

போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். ஃபாக்டரி மேனேஜர் கையைப் பிசைந்தார்.

"விபத்துதான் சார். சீக்கிரம் முடிச்சுக் குடுத்துடுங்க."

"எனக்கு அவசரமில்லை. செத்தவருக்கும் இல்லை. உங்களுக்கு மட்டும் என்ன சார் அவசரம்?"



அவள் அண்ணனின் நெஞ்சில் முகம் புதைத்தாள். ஈரச் சட்டை. விம்மி மூச்சை இழுத்தவள்...

சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்! என் அண்ணன் இங்க விழலை! சட்டைல இருக்கற கெமிக்கலே வேற!"

"புரியற மாதிரி சொல்லும்மா. எனக்குக் கெமிஸ்ட்ரின்னா பள்ளிக்கூடத்துலயே காய்ச்சல் வரும்."

"எங்க கழிவுத் தண்ணில வினிகர்ல இருக்கற அதே அமிலம் இருக்கு சார். அப்படியே வெளிய விட்டா ஒரு மீன் மிஞ்சாது. அதுல சால்வென்ட்ங்கற கரைப்பானைக் கலக்குவோம். அமிலம் தண்ணியை விட்டுட்டு சால்வென்ட்டுக்குத் தாவிடும். மேல நிக்கற சால்வென்ட்டைத் தனியா எடுத்துக் காய்ச்சினா அமிலம் நம்ம கைக்கு வந்துடும். அண்ணன் ஓட்டினது அந்த யூனிட்தான்."

"சரி... சட்டை?"

"சால்வென்ட் நெயில் பாலிஷ் மாதிரி மணக்கும். அண்ணன் சட்டைல அது துளிகூட இல்லை. வினிகர் வாடை! இது சுத்தம் பண்ணாத தண்ணி சார்!"

"அந்தத் தண்ணி எங்க இருக்கும்?"

"மூடின பைப்புக்குள்ள மட்டும்தான். திறந்த இடம்னா பின்பக்க வாய்க்கால்... ஆனா அதுல சுத்தமான தண்ணிதான் போகுது. தினமும் நானே டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போடறேனே!"

"வாங்க பார்ப்போம்."

லேப் கோட் பையிலிருந்த நீல லிட்மஸ் தாளை வாய்க்காலில் நனைத்தாள்.

சிவந்தது. அமிலம்!

கரையோரம் வெள்ளையாக வயிற்றைக் காட்டி மிதந்தன மீன்கள். கான்கிரீட் விளிம்பில், அவசரமாகக் கழுவியும் போகாத ரத்தக் கறை.

"உங்க கையெழுத்து பொய் சொல்லுதேம்மா..."

"நான் பொய் சொல்லலை சார். லேப்புக்கு வந்த பாட்டில்ல அமிலம் இல்லை!"

"அந்தப் பாட்டிலைக் கொண்டு வர்றது யாரு?"





திரும்பினாள். பின்னாலேயே வந்திருந்த கணவன், அவள் குடிப்பதற்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றிருந்தான்.

"ஏங்க... தினமும் எனக்குக் குழாய்த் தண்ணியையா பிடிச்சுக் குடுத்தீங்க?"

டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

"யூனிட் அவ்வளவு தண்ணியைத் தாங்கலை. உற்பத்தியை நிறுத்தக் கூடாதுன்னு மேனேஜர் கழுத்தைப் பிடிச்சார். மிச்சத்தை இந்த வழியா நான்தான் திறந்து விட்டேன்..." அப்படியே தரையில் உட்கார்ந்தான். "இன்னிக்கு விடியக்காலைல மச்சான் பார்த்துட்டார். எல்லாத்தையும் சொல்லிடுவேன்னார். ரிப்போர்ட் பூரா உன் கையெழுத்து... நீ மாட்டிப்பேன்னு கெஞ்சினேன். 'அவளை நான் பார்த்துக்கறேன், நீங்க வழியை விடுங்க'ன்னார். தள்ளிட்டேன்..."

"விழுந்தப்போ உயிர் இருந்துச்சா?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"கேக்கறேன்ல... உயிர் இருந்துச்சா?"

"...இருந்துச்சு."

"ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம்."

"பயந்துட்டேன். டிராலில வச்சு ஷெட்டுக்குத் தள்ளிட்டுப் போறப்போதான்... மூச்சு நின்னுச்சு."

அவள் அழவில்லை. அழுவதற்கான இடத்தையும் தாண்டிப் போயிருந்தாள்.

கோட் பையில் செல்போன் அடித்தது. அம்மா!

"அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கறான்டி. தோசைக் கல்லை அடுப்புல போடவா, வேண்டாமா?"

"நான்... நான் வந்துட்டே இருக்கேம்மா."

கேட்டை நோக்கி நடந்தாள். கணவன் எழுந்து பின்னால் ஓடினான்.

"நானும் வர்றேன்! அத்தை கால்ல விழறேன்... ஒரே ஒரு தடவை..."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டரின் கை அவன் தோளில் விழுந்தது.

"ஏட்டு! மேனேஜரை முதல்ல ஜீப்ல ஏத்துங்க, அவருக்குத்தான் அவசரம்." பிறகு அவனிடம் குனிந்தார். "அந்த மாமியார் வீட்டுக் கதவு உங்களுக்கு மூடியாச்சு மாப்பிள்ளை... வாங்க, எங்க மாமியார் வீட்டுக் கதவு எப்பவும் திறந்தேதான் இருக்கும்... உள்ள போறதுக்கு மட்டும்!"