மழை அளந்தவளின் பெயர்

காலை பத்து மணி. ஆராய்ச்சி இதழின் அலுவலகத்துக்குக் களவுப் புகாரோடு வந்தவள் நகையையோ பணத்தையோ தொலைத்தவள் அல்ல. காணாமல் போனது அவள் பெயர்.

புகார்களைக் கவனிக்க அங்கே ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் மோப்பம். வந்தவள் தற்காலிக வேலையில் இருக்கும் மழை ஆய்வாளர். மலைச்சரிவில் வருடக்கணக்காக மழை அளந்து, அந்த எண்களை யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தவள். புது இதழில் ஒரு வெள்ள நிபுணரின் கட்டுரை முழுக்க அவள் எண்கள். அவள் பெயர் மருந்துக்கும் இல்லை. மதியம் அவள் நிறுவனத்தில் வேலை நீட்டிப்புக் குழு கூடுகிறது. தன் அளவுகள் பயன்பட்டதற்கு அச்சில் அத்தாட்சி காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

"உங்க எண்கள்தான்னு எப்படிம்மா சொல்றீங்க?"

அவள் கட்டுரையின் வரைபடத்தைக் காட்டினாள். கோடு ஓரிடத்தில் அறுந்திருந்தது. "அந்த வாரம் மழைமானிக்குள்ள குளவி கூடு கட்டிடுச்சு சார். அளக்க முடியலை. நான் விட்ட அதே இடம் இங்கேயும் காலியா இருக்கு."

அதுவேதான் மோப்பத்தை உறுத்தியது. திருட்டு வண்டியை நம்பர் பலகை மாற்றாமல் எவனும் ஊருக்குள் ஓட்டுவதில்லை. இவன் ஏன் குளவி விட்ட ஓட்டையை அடைக்கவில்லை? படத்தின் அடியில் சின்னதாக 17 என்று இருந்தது. கடைசிப் பக்கத்து ஆதாரப் பட்டியலில் பதினேழாவது, சிமெண்ட் பற்றிய கட்டுரை. மழைக்கும் சிமெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நிபுணரைப் போனில் பிடித்தார். அவள் பெயரைப் போட்டுத்தான் அனுப்பினாராம். அச்சில் வந்ததை அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். மோப்பம் அடுத்துப் போனது மெய்ப்புத் திருத்தும் அறைக்கு. அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை.

பதினொன்றரைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு முதன்மை ஆசிரியரின் அறைக்குள் நுழைந்தார்.

"நிபுணர் திருடலை சார். பதினேழுன்னு அவர் போட்டது இவங்களைக் காட்டத்தான். பட்டியல்ல அந்தப் பேரை உருவிட்டாங்க, அடுத்ததெல்லாம் ஒரு படி மேல ஏறிடுச்சு. படத்துக்கு அடியில நம்பரை எடுக்க மறந்துட்டாங்க. உருவினது நம்ம மெய்ப்பு அறை. புத்தகமும் கட்டுரையும்தான் ஆதாரம், வெறும் எண்களுக்குப் பட்டியல்ல இடமில்லைன்னு விதி. விதியில உங்க கையெழுத்து."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். திருத்தம் போடலாம், ஆனால் அடுத்த இதழில்தான் என்றார். விதியை மாற்ற இதழின் ஆசிரியர் குழு கூட வேண்டும். குழு எப்போது கூடும் என்பதைக் குழு கூடித்தான் முடிவு செய்யுமாம். இப்போதைக்கு ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று மோப்பம் கெஞ்சினார். விசாரணை முடியாமல் முடியாது என்று பதில் வந்தது.

"விசாரணை நான்தானே சார்?"

ஆசிரியர் அடுத்த கோப்பைப் பிரித்தார். மோப்பத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மதியம் நீட்டிப்புக் குழு அவளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது.

மாலை நான்கு மணிக்கு வெள்ளத் தடுப்பு அலுவலகத்திலிருந்து இதழுக்குப் போன் வந்தது. மலையில் பேய்மழை, நிபுணர் கட்டுரையில் வந்த மழைக் கணக்கு இணையத்தில் திறக்கவில்லை, கட்டுரையில் பெயரும் இல்லை, யாரைக் கேட்பது என்றார்கள். மோப்பம் அவளை அழைத்தார். போனுக்குள் மழை இரைந்தது.

"எல்லாத்தையும் மூடிட்டேன் சார்."

"அங்கே இப்ப எவ்வளவு பெய்யுதும்மா?"

"தெரியலை சார். அளக்கிறதை விட்டுட்டேன்."