குங்குமத்துக்கு அடியில் சிவப்பு

பத்மாவதி போட்டு வைத்த காபியை அந்த வீட்டில் யாரும் தொடவில்லை. இன்றைக்கு மட்டுமா? கிணத்துக்கடவில் காளியாத்தாள் என்கிற பெண், இவர்கள் கம்பெனி மோட்டாரைத் தொட்டுக் கரண்டு அடித்துச் செத்துப்போனாளே, அன்றிலிருந்து அப்படித்தான். டம்ளர்கள் ஆடை கட்டிக் கிடக்கும். அவளே எடுத்துப்போய்க் கொட்டுவாள்.

"ஏனுங்க, ஒரு வாயாவது குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க. அங்க எந்நேரமாகுதோ..."

கணவன் பாலுசாமி சட்டைப் பொத்தானைப் போட்டபடி, அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "உசுரெடுத்த கையி. அந்தக் கையில குடிச்சா தொண்டையில எறங்குமா?"

அவள் என்ன தப்புச் செய்தாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன் கண்ணுகளா.

கோயமுத்தூரில் அவர்களுக்குச் சின்னதாக ஒரு பம்புசெட் கம்பெனி. மாமனார் பார்த்துவந்த சோதனை வேலையை, அவர் காலமான பிறகு மருமகள்தான் பார்த்தாள். தயாரான மோட்டாரின் இரும்புக் கூட்டில் கரண்டு கசிகிறதா என்று பார்ப்பாள். கசிந்தால் அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்து மூலையில் ஒதுக்கிவிடுவாள். பழுது பார்க்காமல் அது வாசலைத் தாண்டாது. அந்தச் சிவப்புக்கு அர்த்தம் அவளுக்கும் புருஷனுக்கும்தான் தெரியும்.

போன மாதம் ஆயுத பூஜை. மூலையில் ஒரே ஒரு மோட்டார் கிடந்தது. சுமங்கலி என்று பத்மாவதிதான் எல்லா மோட்டாருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மறுநாள் லோடு ஏற்ற வந்தவர்கள் பூஜைப் பொட்டு இருந்ததையெல்லாம் ஏற்றினார்கள். மூலையில் கிடந்ததும் சேர்ந்து போய்விட்டது. அதன் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் அடியில் பெயிண்ட் இருந்ததைக் காளியாத்தாள் செத்த பிறகுதான் பார்த்தார்கள்.

"உன்ற மார்க்கை உன்ற கையே மூடிப்போட்டுது" என்றான் பாலுசாமி. பத்மாவதி யோசித்து யோசித்துப் பார்த்தாள். அத்தனை மோட்டாருக்கு நடுவில் அந்த ஒன்றுக்கு வைத்தாளா இல்லையா, நினைவே வரவில்லை. அவன் சொல்லச் சொல்ல, வைத்ததாகவே நம்பிவிட்டாள். குளிக்கும்போதெல்லாம் மோதிர விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

இன்றைக்கு மின்துறை ஆய்வாளர் விசாரணைக்கு அந்தக் கிணற்றடிக்கே வரச் சொல்லியிருந்தார்.

"மறுபடியும் சொல்றேன், கேட்டுக்கோ" என்றான் பாலுசாமி. "நாந்தான் செக் பண்ணுனேன், மோட்டார் நல்லா இருந்துச்சுங்கோணும். செவப்பு என்னன்னு கேட்டா, பெயிண்ட் சிந்திப்போச்சு. தோட்டத்துக்காரன் எர்த்தைச் செரியாப் போடலைன்னு ஃபைலை மூடிருவாங்க."

"பொண்டாட்டியப் பறிகுடுத்துப்போட்டு உக்காந்திருக்கறவருங்க. அவளைக் கொன்னதே நீதான்னு அவருகிட்ட நா எப்படிங்க சொல்றது?"

"அப்ப நாந்தான் கொன்னேன்னு சொல்லிப்போட்டு நீ உள்ள போயி உக்காரு. பொண்ணோட நிச்சயப் பத்திரிகைய ஜெயிலுக்குக் கொண்டாந்து தாரேன்."

மகள் நந்திதா செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "உங்களுக்கு உங்க வேலைதான் பெருசுன்னா, என்னைப் பெக்காமயே இருந்திருக்கலாம்மா."

பத்மாவதி மேசையைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "என்மேல எது வந்தாலும் வாங்கிக்கறேன் கண்ணு. கெட்ட மோட்டாரை நல்ல மோட்டாருன்னு மட்டும் என்ற வாயில வராது. அந்த ஒரு சொல்லை ஒழுங்காச் சொல்றதுக்குத்தான இத்தனை வருசம் அங்க நின்னேன்..."

பாலுசாமி மேசையைக் கையால் ஒரு வீசு வீசினான். டம்ளர் பறந்தது. சுடுகாபி அவள் கைமேலேயே கொட்டியது. யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை.

மாமியார் சென்னியம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாவுக்குப் பிறகு அவளும் மருமகளோடு பேசுவதில்லை, அவள் கையில் வாங்கிக் குடிப்பதுமில்லை. கார் கிளம்பும்போது கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டாள்.

"நீ எதுக்கும்மா?"

"செத்தவ ஊட்டுக்கு ஒருக்காப் போகோணுமல்லொ" என்றாள்.

கிணற்றடியில் காளியாத்தாளின் புருஷன் தனபால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த்துக் கம்பியைத் தன் கையாலேயே தோண்டி எடுத்து மடியில் வைத்திருந்தார்.

"குழியில உப்பும் தண்ணியும் ஊத்தாம உட்டுப்போட்டனுங்களோ... எங்க தப்புப் பண்ணுனேன்னே தெரியலீங்க" என்று வந்தவர்களிடமெல்லாம் கம்பியை நீட்டிக் காட்டினார்.

ஆய்வாளர் மோட்டாரைக் காட்டிப் பத்மாவதியைக் கேட்டார். "இந்தச் சிவப்பு என்னம்மா?"

பாலுசாமி கனைத்தான். அவள் வெந்துபோன கையை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"நா கழிச்சு வெச்ச மோட்டாருங்க இது. கரண்டு கசியுதுன்னு செவப்பு வெச்சேன். அதுமேல குங்குமம் வெச்சு மூடுனதும் நானாத்தானுங்க இருக்கோணும். என்னை எங்க கூப்பிட்டாலும் வாரேன். இந்தண்ணன் மேல தப்பில்லீங்க. மோட்டார் நல்லா இருந்தா எர்த்துக்கு வேலையே வந்திருக்காதுங்க."

"சார், கொஞ்ச நாளா அவளுக்குப் புத்தி செரியில்லீங்க" என்றான் பாலுசாமி, சிரித்துக்கொண்டே. "மாத்திரை குடுத்துட்டு இருக்கறோம்."

"பொய்யி." சென்னியம்மாளின் குரல் அது. "புத்தியெல்லாம் செரியாத்தான் இருக்குதுங்க. குங்குமம் வெச்சது அவ இல்லீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாலியறுத்தவ நா. பூஜையில பொட்டு வெக்கற பக்கம் போகக் கூடாதுன்னு கதவோரமா நின்னேன். நிக்கறவளுக்குப் பாக்கறதைத் தவிர வேற என்ன வேலை? இவ அந்த மூலைக்கே போகலீங்க. தட்டை வெச்சுப்போட்டுச் சுண்டல் எறக்கப் போயிட்டா. பொறகுதான் இவன் வந்தான். சந்தனத்தை அப்பி, கட்டை வெரல்ல குங்குமம் வெச்சான். என்ன சாமின்னு கேட்டேன். ஆர்டருக்கு ஒண்ணு கொறையுதும்மா, இதும் போகட்டும்னான். அன்னிக்கு எனக்கு வெவரம் தெரியலை. இந்தப் புள்ள செத்த அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு..."

"பெத்தவ பேசற பேச்சாம்மா இது?"

"பெத்ததுனாலதான் இன்னிக்கு வரைக்கும் வாயக் கட்டிட்டு இருந்தேன். செஞ்சது நீ. இவ தன்ற வெரலைத் தானே பாத்துப் பாத்து அழுதா. அதையும் நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்." கிழவி மருமகள் பக்கம் திரும்பினாள். "அருவருத்துப் போயி உன்ற காப்பிய வேண்டாங்கலை கண்ணு. அதைக் குடிக்கற யோக்கியதை எனக்கில்லை."

பத்மாவதி புருஷனைப் பார்த்தாள். கொலைகாரக் கை என்று நாள் தவறாமல் சொன்னவன் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனபால் மெதுவாக எழுந்தார். கம்பி மடியிலிருந்து விழுந்தது. "அப்ப... அவளை நா கொல்லலீங்களா?"

"இல்லீங்கண்ணா."

அந்த மனுசன் நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பொண்டாட்டியைத் தூக்கிய அன்றைக்குக்கூட அவர் அழவில்லை என்று பக்கத்துத் தோட்டத்தார் பிற்பாடு சொன்னார்கள்.

ஆய்வாளரோடு வந்திருந்த போலீஸ்காரர்கள் பாலுசாமியை ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். "பத்மா, நீ ஒரு வார்த்த சொன்னா..." என்று ஆரம்பித்தான்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டேனுங்க."

ஜீப் போன பிறகு வீட்டிலிருந்து நந்திதா போனில் கூப்பிட்டாள். "அங்க என்னதாம்மா சொன்னீங்க?" "நெசத்தைச் சொன்னேன் கண்ணு." அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. பத்மாவதி செல்போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அது மறுபடி அடிக்கவில்லை.

காரை ஓட்ட ஆளில்லாமல் மாமியாரும் மருமகளும் மெயின் ரோட்டுக்கு நடந்துவந்து கோயமுத்தூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் காபியை நீட்டினார். சென்னியம்மாள் கையை நீட்டவில்லை.

"நீ வாங்கிக் குடு அம்மிணி... உன்ற கையால."

கொப்புளம் கண்ட விரல்களால் பத்மாவதி கிளாஸை வாங்கிக் கொடுத்தாள். கிழவி கிளாஸோடு சேர்த்து அந்தக் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒற்றிக்கொண்டவள் விடவில்லை. பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் பஸ் ஒன்று வந்து, நின்று, போயிற்று.