சயந்தனுக்கு விட்ட இடைவெளி

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணி. வெளியே பனியின் மேல் வெயில் கண் கூச அடித்துக்கொண்டிருந்தது. கிஷோபன் நிலவறைக்குப் படியிறங்கினான்.

பேர்ண் நகரை ஒட்டிய ஓஸ்டர்முண்டிகனில் அந்தப் பழைய குடியிருப்புக்குக் கீழே, போர் வந்தால் ஒளிந்துகொள்ளவென்று கட்டிய காப்பறை ஒன்று இருக்கிறது. போர் வரவில்லை, குடியிருப்பவர்களின் உருளைக்கிழங்கு மூட்டைகள்தான் வந்தன. பிறகு கிஷோபனும் சயந்தனும் நகைச்சுவை ஒத்திகைக்கு வந்தார்கள். ஒரு முழத் தடிப்பில் கொங்கிரீட் கதவு. அதைச் சாத்திவிட்டால் உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் மேலே ஒருவருக்கும் கேட்காது. இன்றைக்குக் கிஷோபன் அதைச் சாத்தவில்லை. தனியாக அதற்குள் அடைபட மனம் வரவில்லை.

சயந்தன் செத்து எட்டு மாதம். பேர்ண் ரயில் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழும்பவில்லை.

அவனுடைய அக்கா லண்டனில் இருந்தாள். அங்கே போகும்போதெல்லாம் பிரித்தானியத் தொலைக்காட்சியின் பழைய இரட்டையர் நகைச்சுவைகளை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு வந்து, கிஷோபனின் உயிரை எடுப்பான். இரண்டு பேரில் ஒருவன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்க வேண்டும். மற்றவன் ஏடாகூடமாகப் பதில் சொல்ல வேண்டும். கேட்பவன் கிஷோபன். கேட்டபிறகு அவன் இடப்பக்கம் திரும்பவே கூடாது. சயந்தனின் முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்து எல்லாம் கெட்டுப்போகும். நேரே பார்த்தபடி, சனம் சிரித்து ஓயும்வரை பொறுத்திருந்து, அடுத்ததைக் கேட்க வேண்டும். பதினொரு வருடம் பேர்ணிலும் பாசலிலும் கோயில் மண்டபங்களில் அப்படித்தான் நின்றான்.

எழுதுவதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். ஒருவன் கணினியில் தட்டுவான், மற்றவன் அறைக்குள் நடப்பான். இருவரும் சிரிக்காத வரி நிற்காது. எது யாருடைய வரி என்று பிறகு கேட்டால் இருவருக்குமே தெரியாது.

கடைசியாக எழுதியது குடியுரிமை நேர்காணலைப் பற்றிய நாடகம். மேடையேறவில்லை. லண்டனில் புதிதாகத் தொடங்கும் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி எழுத்து கேட்டபோது கிஷோபன் அதை அனுப்பினான். எழுதியவர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரை மட்டும் போட்டான்.

செத்தவனுக்குப் பெயர் எதற்கு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். உள்ளுக்குள் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளியே நாற்பது வயதைத் தொட்டவனுக்கு, "உங்கள் எழுத்து அருமை, நடித்து அனுப்புங்கள்" என்று ஒரு கடிதம் வந்துவிட்டது. அதைப் பங்கு போட அவனால் முடியவில்லை. செத்தவீட்டில் சயந்தனின் மனைவி ஜெனனி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இனி எதைச் செய்தாலும் அவர் பெயரும் பக்கத்தில் இருக்கட்டும். கிஷோபன் தலையாட்டியிருந்தான். அவள் இதே கட்டிடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள்.

மேசையில் போனை நிறுத்தினான். இரண்டு கதிரைகளைப் போட்டு, வலப்பக்கக் கதிரையில் உட்கார்ந்தான். முதலில் தன்னுடைய கேள்விகளை இடைவெளி விட்டுப் பதிவது, பிறகு மற்றக் கதிரையில் இருந்து பதில்களைப் பதிவது என்று திட்டம்.

"இந்த நாட்டிலை உமக்குப் பிடிச்சது என்ன?"

மனதுக்குள் மூன்று எண்ணினான். அந்த இடத்தில் சயந்தன் சொல்லவேண்டியது: "குப்பைப் பை. குப்பைக்கும் காசு கட்டி மரியாதையா வழியனுப்புறீங்கள்."

"ஞாயிற்றுக்கிழமையிலை என்ன செய்வீர்?"

மூன்று எண்ணினான்.

கராம்பு மணத்தது.

மேடையேறுமுன் தொண்டைக்குக் கராம்பு மெல்லுவது சயந்தனின் பழக்கம். பக்கத்துச் சலவை அறையின் வாசம் இது என்று கிஷோபன் தன்னைத் தேற்றிக்கொண்டு மூன்றாவது கேள்வியைக் கேட்டான். நான்காவதைக் கேட்க வாயைத் திறந்தான்.

குரல் வரவில்லை.

பயத்தால் அல்ல. பதினொரு வருடப் பழக்கம் அவனைப் பிடித்து நிறுத்தியிருந்தது. மண்டபம் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவன் நாக்கு இப்படித்தான் காத்திருக்கும். ஆனால் ஒரு சத்தமும் இல்லை. காற்றுக் குழாய்கூட மூச்சு விடவில்லை.

இடப்பக்கக் கன்னத்தில் இளஞ்சூடு பட்டது.

மின்விளக்கு தானாக அணையும் வகை. அணைந்தது.

அவன் திரும்பவில்லை.

இருட்டுக்குள் எவ்வளவு நேரம் இருந்தான் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு போனைப் பறித்துக்கொண்டு, கதிரையை இடறிவிட்டு, திறந்திருந்த கதவு வழியாக ஓடினான்.

வெளியே நடைவழியில் ஜெனனி நின்றாள். கட்டிடத்துச் சலவை அறையில் இன்றைக்கு அவளுடைய முறை. உடுப்புக் கூடையை இடுப்பில் அணைத்திருந்தாள். கண்கள் நனைந்திருந்தன. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக அவள் சிரித்ததைக் கிஷோபன் கண்டதில்லை.

உள்ளேயிருந்து கேட்ட அவருடைய குரல் எந்த வருடப் பதிவு என்று கேட்டாள். அந்தக் குப்பைப் பைப் பகிடியைத் தான் கேட்டதே இல்லையாம்.



"கடைசியிலை அவர் ஒண்டு கேட்டவர்," என்றாள். "'என்ர பேரைப் போட்டனியோ மச்சான்' எண்டு. அதுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. போட்டனீங்கள்தானே, அண்ணை?"

நாடகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

"ஓம்," என்றான் கிஷோபன்.

உடனே காப்பறைக்குள் சிரிப்பு வெடித்தது. ஒருவர் இருவருடையது அல்ல. ஒரு மண்டபம் நிறைந்த சனம், கதிரைகள் அதிர, கை தட்டித் தட்டிச் சிரித்தது. அவன் மேடையில் ஒருநாளும் வாங்காத சிரிப்பு. ஜெனனியைப் பார்த்தான். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. "நன்றி அண்ணை" என்றுவிட்டுக் கூடையோடு படியேறினாள். அவன் பின்னால் ஓடினான். சிரிப்பும் கூடவே ஏறிவந்தது. காதைப் பொத்தினான், குறையவில்லை. ஒவ்வொரு படிக்கும் கூடியது.

"நான் போடேல்லை," என்று கத்தினான். "ஜெனனி, நான் அவன்ர பேரைப் போடேல்லை."

சிரிப்பு அறுந்தது.

ஜெனனி திரும்பி, கூடையைப் படியில் வைத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்க்க முடியாமல் அவன் குனிந்துகொண்டான்.

"அவர் செத்தது உங்களுக்கு வசதியாய்ப் போச்சு, என்ன?"

அவன் அழுதான். அவள் அழவில்லை. இப்போதே எழுதச் சொன்னாள், தான் நின்று பார்ப்பதாகவும் சொன்னாள். படியில் உட்கார்ந்து, போனில் லண்டனுக்கு எழுதினான்: இது இருவர் எழுதியது, முதலாவது பெயர் சயந்தன், மறைத்தது என் பிழை, இதற்காக நீங்கள் வேண்டாமென்றாலும் சரி. அனுப்பினான். ஆசைப்பட்ட ஒன்று கையைவிட்டுப் போவது தெரிந்தது. ஆனாலும் மூச்சு சீராக வந்தது.

கீழே சத்தம் கேட்டது.

ஆழமான, உராயும் சத்தம். இந்தமுறை ஜெனனிக்கும் கேட்டது. அவள் அவனுடைய கையைப் பிடித்தாள். இருவரும் நான்கு படி இறங்கி எட்டிப் பார்த்தார்கள்.

கிஷோபன் திறந்தபடி விட்டு ஓடிவந்த கொங்கிரீட் கதவு, மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ள ஒரு ஆளின் முழுப் பலமும் வேண்டும். கதவு நிலையோடு பொருந்தியது. பிறகு, உள்ளேயிருந்து யாரோ இறுக்குவதுபோல், வெளியே தெரிந்த இரும்புப் பிடிகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின.

"உள்ளுக்கை ஆர் அண்ணை?" என்று ஜெனனி மெதுவாகக் கேட்டாள்.

கிஷோபன் காதைத் தீட்டினான். எந்தச் சத்தத்தையும் வெளியே விடாத அந்தக் கதவுக்கு அப்பால் இரண்டு பேர் கதைப்பது கேட்டது. பதில் சொன்னது சயந்தன், கேள்வி கேட்ட குரல் கிஷோபனுடையது.