நனைத்துப் பாராத துணி

"ஜீப் வந்து நிக்குது! நீ என்னடான்னா துணிக்குத் தண்ணி ஊத்திட்டு நிக்கிறே!"

வாசலில் நின்று கூவினாள் சுகுணா. அவளுடைய தம்பி திருமூர்த்தி, அரியதோர் ஆர்க்கிட் மலரைத் தேடி உடுமலைக்கு மேலுள்ள காட்டுக்குள் சென்று ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. மூன்றாம் நாளே திரும்பியிருக்க வேண்டியவன்! அவனுடன் சென்ற வனக்காவலர் மாரப்பன் கடுங்காய்ச்சலால் பாதியிலேயே இறங்கிவிட்டார். தேடும் குழுவினர் வடக்குச் சரிவுக்குப் போயிருந்தனர். தெற்குச் சரிவுக்கு, காய்ச்சல் தணிந்த மாரப்பனுடன் புறப்பட்டவர்கள் இரண்டு பெண்களே: ஒருத்தி சுகுணா; மற்றவள், காட்டில் தங்குவோருக்குத் தூளிப்படுக்கையும் தார்ப்பாயும் தைத்துத் தரும் தமயந்தி.

"அரை மணி நேரம் குடுங்க அக்கா" என்றாள் தமயந்தி.

பட்டறை முற்றத்தில் இரண்டு துணிகள் நான்கு மூலைகளிலும் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு வாளித் தண்ணீர். வெங்காயச் சருகு போன்ற மெல்லிய நைலான், நேரம் ஆக ஆக ஆட்டு மடிபோலத் தொங்கியது. அடியில் சொட்டத் தொடங்கியது. தடித்த பாலியெஸ்டரோ கொஞ்சமும் தளரவில்லை. அதன் அடியில் கைவைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை!

"இதுதான்!" என்று அதைச் சுருட்டித் தோளில் ஏற்றினாள். அவளுடைய நெஞ்சு மட்டும் கனத்தது.

அதன் காரணத்தை அவள் யாரிடமும் கூறவில்லை. தூளிக்குக் காற்றுப் புகும் துணி வேண்டும். கூரைக்கு நீர் புகாத துணி வேண்டும். அவளுடைய தொழிலின் பாலபாடம் அது. ஆனால் திருமூர்த்தி அவசரப்படுத்தியபோது, இரண்டையும் ஒரே துணியுருளையிலிருந்து வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டாள். தகரக் கூரையின்கீழ் இரண்டு கோடைகள் வெந்து கிடந்த உருளை அது. பிரித்தபோது புளித்த வாடை வீசியது. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள், நீர் புகாதபடி பூசிய உட்பூச்சு வழவழப்பாகவே இருந்தது. "என் விரல் பொய் சொல்லாது" என்பது அவள் ஊரறியச் சொல்லிவந்த பெருமை. அன்று ஒரு குவளைத் தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்கவில்லை!

மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது. அட்டைகள் காலில் ஏறின.

"ஏனுங்க அம்மிணி, கல்யாணப் பந்தலையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சீண்டினார் மாரப்பன்.

"மூணு கிலோதானுங்கண்ணா."

"மலையேறுனா மூணு முப்பதாகுமுங்க!"

ஆயினும் அன்றிரவு மூவரும் அந்தப் பந்தலின்கீழ் நனையாமல் உறங்கினர். சரியாகச் சொன்னால், இருவர் உறங்கினர். கூரையில் விழுந்த ஒவ்வொரு துளியும் தமயந்தியின் தலைமேல் விழுவதாகவே இருந்தது.

மறுநாள் காலை திருமூர்த்தியின் முகாமை அடைந்தார்கள். ஆள் இல்லை! தார்ப்பாய் மட்டும் சேற்றில் கிடந்தது. அதன் உட்பூச்சு பாம்புச் சட்டைபோல உரிந்து, வெண்செதில்களாகப் புல்லெங்கும் ஒட்டியிருந்தது.

"ஐயோ, என்ன ஆனானோ!" என்று சுகுணா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

தமயந்தி தார்ப்பாயின் மூலைகளைத் தடவினாள். கயிறுகள் அறுபடவில்லை, முறையாக அவிழ்த்து எடுக்கப்பட்டிருந்தன.

"அக்கா, எந்திரிங்க! பயந்து ஓடுறவன் முடிச்சை அவுத்துட்டா ஓடுவான்? தூளியையும் கயித்தையும் எடுத்துட்டு, ஒழுகாத இடம் தேடிப் போயிருக்கான். மாரப்பண்ணா, பக்கத்துல அப்பிடி எடம் இருக்குதுங்களா?"

"வௌவால் பாறை!" என்று துள்ளினார் மாரப்பன். "ஆத்துக்கு அந்தப் பக்கமுங்க!"

இடுப்பளவு நீரில் ஆற்றைக் கடந்து ஓடினார்கள். பாறையின் நிழலில், தூளியில் சுருண்டு கிடந்தான் திருமூர்த்தி. வலது கால் வீங்கியிருந்தது. உடல் அனலாகக் கொதித்தது. உயிர் இருந்தது!

"தமயாக்கா..." என்று முனகினான். "உங்க கூரை ஒழுகுதுங்க்கா. விடியக்கால இங்க வர்றப்ப பாசி வழுக்கிருச்சு."

ஆற்றின் இரைச்சல் நிமிடத்துக்கு நிமிடம் கூடியது. மாரப்பன் நீண்ட மூங்கிலொன்றை வெட்டிவந்தார். "வெள்ளம் ஏறுது. இந்தத் தூளியவே டோலியாக் கட்டித் தூக்கிருவோமுங்க!"

தூளியின் விளிம்பில் ஒரு முள் துளையிட்டிருந்தது. கடுகளவுதான். தமயந்தியின் கண்ணுக்கு மட்டுமே அது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டால் அவளுடைய பெயர் பிழைக்கும். நடு ஆற்றில் துணி கிழிந்தால் அவன்?

"கட்டாதீங்கண்ணா!"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதுவும் அதே ரோல்தானுங்க. கெட்டுப்போன துணி. நாந்தான் சரியாப் பாக்காம குடுத்துட்டேன்."

"பாக்கறதுதானே உன் வேலை?" என்றாள் சுகுணா.

"விரல்ல பாத்தேன் அக்கா. தண்ணியில பாக்கல. இழுத்தும் பாக்கல."

திருமூர்த்தியைத் தரையில் இறக்கியதும், தமயந்தி அந்தத் துளையில் இரு விரல்களை நுழைத்து இழுத்தாள். டர்ர்ர்! ஒரு முழம் கிழிந்தது.

சுகுணாவின் முகம் வெளிறியது. "எந்தம்பிய இதுலயா படுக்க வெச்சே?"

தமயந்தி தன் மூட்டையைப் பிரித்து, பாலியெஸ்டர் தார்ப்பாயை நான்காக மடித்து மூங்கிலில் கட்டினாள்.

"அப்பறம் நமக்குக் கூரை இல்லீங்க, அம்மிணி."

"நனையலாமுங்கண்ணா."

ஆற்றின் நடுவில் நீர் மார்பளவு இருந்தது. முன்னால் சென்ற மாரப்பனின் கால் திடீரென்று குழியில் இறங்கியது! மூங்கில் சாய்ந்தது. திருமூர்த்தியின் முழுப் பாரமும் துணியின் ஒரே முனையில் சரிந்தது. "புடிங்க!" என்று அலறினாள் சுகுணா. பின்முனையைத் தாங்கியிருந்த தமயந்தி கண்களை இறுக மூடிக்கொண்டாள்; அந்தக் கிழிசல் ஓசை மீண்டும் வருமோ என்று காதைத் தீட்டினாள்.

வரவில்லை. துணி தாங்கியது!

கொட்டும் மழையில், மாறி மாறிச் சுமந்து, மாலைக்குள் எஸ்டேட் சாலையை அடைந்தார்கள். வடக்குச் சரிவிலிருந்து இறங்கிய குழுவினர் எதிரே ஓடிவந்து ஆரவாரம் செய்தனர். "பந்தல்னு சிரிச்சேனுங்க. அதுதான் கரையேத்துச்சு" என்று எல்லாரிடமும் சொன்னார் மாரப்பன். சுகுணா மட்டும் ஆம்புலன்ஸில் ஏறும்போது தமயந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்று மாதங்கள் சென்றன. தமயந்தியின் பட்டறையில் இப்போது எந்தத் துணியும் நீரையும் பாரத்தையும் ஒரு நாள் முழுக்கத் தாங்காமல் கத்தரியைப் பார்ப்பதில்லை. அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். அவள் தடுக்கவில்லை. விரலின் பெருமை ஒருவனுடைய எலும்பைவிடப் பெரிதன்று!

ஒருநாள் காலை சுகுணா வந்து நின்றாள்.

"பூவு இன்னும் கெடைக்கலையாம். கால் சரியானதும் மறுபடியும் போறேங்கிறான். சொன்னாக் கேக்கற ஆளா அவன்?"

தமயந்தி கத்தரியைக் கீழே வைத்தாள்.

முற்றத்தில் நீரோடு தொங்கிய துணியின் அடியில் சுகுணா உள்ளங்கையை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"இன்னும் ரெண்டு வாளி ஊத்து" என்றாள். "நான் இங்கயே உக்காந்திருக்கறேன்."