மங்காத நூறு வாட்

பல்பு மங்கவில்லை.

மூன்று எண்ணுவதற்குள் மங்கியிருக்க வேண்டும். ஜினசந்திரன் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டு நின்றான். ஆறு, ஏழு, எட்டு. சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த நூறு வாட் பல்பு கல்யாண வீட்டு விளக்கைப்போல எரிந்துகொண்டே இருந்தது. பதினொன்றில்தான் அது மெல்லச் சிவந்து அடங்கியது. பலகையிலிருந்த சின்னக் காந்த சுவிட்ச் 'டக்' என்று விழுந்தது.

திருவூடல் தெருவில் அவனுக்கு ரேடியோ ரிப்பேர் கடை. பொழுது சாய்ந்தால் வீட்டுப் பின்னறையில் இந்த மிஷின்தான் உலகம். பாத்திரக் கடையில் ஆள் உட்கார்ந்து தட்டிலும் குடத்திலும் பேர் வெட்டுவதை இது தானாகவே வெட்டும். ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்து, மோட்டார் ஊசியை நகர்த்தும். மூன்று வருஷ உழைப்பு. எல்லாம் தயார், கரண்ட் மட்டும் தகராறு. சுவிட்சைப் போட்டதும் டிரான்ஸ்பார்மரும், டம்ளர் பருமனில் இருந்த கெப்பாசிட்டர்களும் ஒரே மூச்சில் கரண்டை விழுங்கும். வீட்டு பியூஸ் படாரென்று போய்விடும். ஏழு முறை போயிற்று.

அந்த டிரான்ஸ்பார்மரைக் கொடுத்த கீழ்பென்னாத்தூர் பழைய இரும்புக் கடைக் கண்ணாயிரம் அப்போதே சொல்லியிருந்தார். "மூணு பேரு வாங்கினு போயி திருப்பிக் குடுத்துட்டாங்க நயினாரே. பியூஸு நிக்கலையாம். உங்களுக்கு வேணா கம்மியா போட்டுத் தரேன்."

மூன்று பேருக்கும் மூளை கம்மி என்று நினைத்துக்கொண்டான் ஜினசந்திரன். வழியில் ஒரு பல்பைப் போட்டுவிட்டால் போதும், கரண்ட் அதன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். கெப்பாசிட்டர் நிரம்ப நிரம்பப் பல்பு மங்கும். நிரம்பியதும் காந்த சுவிட்ச் விழுந்து முழுக் கரண்டையும் திறந்துவிடும். பியூஸ் பிழைத்துக்கொள்ளும்.

அவன் மனைவி தர்மதேவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "பியூஸ் எரியறது வீட்டைக் காப்பாத்தத்தானேங்க? அது வேணாம்னு சொல்லுது. நீங்க என்னடான்னா பின்பக்கமா கதவத் தொறந்து வுடறீங்க."

"ஒரேயடியா வராத, மெல்ல மெல்ல வான்றேன். அவ்ளோதான் தேவி."

அவள் சிரித்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அந்தச் சிரிப்புதான் அவனுக்கு எல்லாமே. அதனால்தான் முதல் நாடாவில் அவள் பேரையே ஓட்டை போட்டான், அவள் சாப்பிடும் தட்டையே மிஷினில் வைத்தான்.

மறுநாள் பல்பு இன்னும் நேரமெடுத்தது. ஐப்பசி மழை ஓட்டுக்கூரையில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மரின் உறுமல் காலடித் தரை வழியாகக் கணுக்காலுக்கு ஏறியது. சூடேறிய வார்னிஷ் வாடையோடு, நாள்பட மூடிக் கிடந்த பானையைத் திறந்தாற்போல இன்னொரு வாடையும் வந்தது. சமையலறையில் மாவு சலித்தபடி தர்மதேவி பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அடி அண்ணாமலைக்குப் போயி எண்ணெ வா..."

பேச்சு நின்றது. சல்லடைச் சத்தமும் நின்றது. பல்பு மட்டும் எரிந்தது. அவன் முப்பது எண்ணினான், பிறகு எண்ண மறந்தான். பல்பு சிவந்து அடங்கி 'டக்' என்று கேட்ட பிறகுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"...ங்கினு வரணும்."

அவன் ஓடிப்போய்ப் பார்த்தான். சல்லடை இயல்பாக ஆடிக்கொண்டிருந்தது. "என்ன தேவி, ஏன் நிறுத்திட்ட?"

"எங்க நிறுத்தினேன்?" என்றாள் அவள். கையைத் தொட்டுப் பார்த்தான். கிணற்றுக் கல்போலச் சில்லென்றிருந்தது. அவன் திரும்பி வந்தபோது மிஷின் வேலையை முடித்திருந்தது. தட்டின் விளிம்பில் அவள் பேர் பளபளத்தது. வெகு அழகாக வந்திருந்தது. அதைப் பார்க்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மிஷினைத் தொடவேண்டாம் என்று முடிவு செய்தான். பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுருட்டி வைத்தான். விடிந்ததும் டிரான்ஸ்பார்மரைக் கண்ணாயிரத்தின் கடையிலேயே போட்டுவிட வேண்டும். தேவிக்கு ஒன்றும் ஆகக்கூடாது, அவ்வளவுதான்.

வழக்கம்போலப் பொழுது சாய்வதற்குள் இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். இருட்டிய பிறகு அந்தச் சமண வீட்டில் யாரும் ஒரு பருக்கை தொட்டதில்லை. மழை விட்டதும் ஈசல் கிளம்பியது. ஈசல் கிளம்பினால் தர்மதேவி முதல் வேலையாக எல்லா விளக்கையும் அணைத்துவிடுவாள். ஒரு பூச்சி விழுந்து செத்தாலும் அவளுக்கு மனசு ஆறாது. அன்று அவள் அணைக்க வேண்டியிருக்கவில்லை. தெரு முழுக்க கரண்ட் போய்விட்டது. ஊரை ஒட்டி நிற்கும் மலைகூடத் தெரியாத இருட்டு.

பின்னறைக் கதவிடுக்கில் வெளிச்சம்.

அவன் தடுமாறி உள்ளே போனான். தரையில் கிடந்த வயரை இழுத்தான். பிளக் அவன் கைக்கே வந்தது. இரண்டு பித்தளைக் காலும் உள்ளங்கையில் குத்தின.

பல்பு எரிந்தது.

பளீரென்று.

அதைச் சுற்றி ஈசல் மொய்த்தது, இறகு உதிர்ந்து கீழே கொட்டியது. பல்பைக் கழற்றக் கை நீட்டினான். தோல் பொசுங்கியது. காந்த சுவிட்ச் பலகையைப் பிடுங்கினான். வயர் அறுந்தது. பல்பு சுவரில் அப்படியே எரிந்தது.

"தேவி!"

கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டான்.

வாங்கித் திருப்பிக் கொடுத்தவர்கள் மூன்று பேர். மூன்று வீட்டிலும் பியூஸ் போயிற்று. மூன்று பேரும் பிழைத்தார்கள். இந்த வீட்டிலும் ஏழு முறை அது வர முடியாமல் திரும்பிப் போயிற்று. அது நுழையும்படி இவன்தானே ராப்பகலாக உட்கார்ந்து வழி செய்து கொடுத்தான்!

"தேவி, வெளிய போயிடு! தெருவுக்குப் போ!"

காலடிச் சத்தம். மெல்ல, மெல்ல. கொலுசில்லாத அந்தக் காலடி அவளுடையதுதான். அவள் கையில் தட்டு இருந்தது. அவனைப் பார்க்காமலேயே பல்புக்கு நேர்கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்தாள். விளிம்பில் அவள் பேர்.

ஈசல் தட்டில் விழுந்தது. ஒன்று, நாலு, நூறு. உயிரோடு நெளிந்தது.

"தேவி... பொழுது சாஞ்சிடுச்சும்மா."

அவள் ஒரு பிடி அள்ளினாள். பொரி தின்பதுபோல வாயில் போட்டு மென்றாள். நறநறவென்று கேட்டது. உதட்டோரம் ஓர் இறகு ஒட்டியிருந்தது. இன்னொரு பிடி அள்ளினாள்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். குரல் அவளுடையதுதான்.

"இருங்க. ஒரேயடியா வர முடியாது."

நிரம்பினால்தானே பல்பு மங்கும். அவன் எண்ண ஆரம்பித்தான். நூறு. இருநூறு. முன்னூறு. பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டே எண்ணினான். தட்டு காலியாகக் காலியாக ஈசல் மேலும் விழுந்தது, அவள் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தாள், தலைக்குமேல் பல்பு இம்மியும் மங்காமல் எரிந்தது.