கொழுப்புக் குழி

மூடி சூடாக இருந்தது.

மூன்று வருஷமாக அடுப்பு எரியாத கடை. அடுக்களைத் தரையில் பதித்திருந்த இரும்பு மூடியின் கைப்பிடியைப் பிடித்தவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். சுடுகிற அளவுக்கு இல்லை. யாரோ வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் இருக்குமே, அந்தச் சூடு.

"என்ன மச்சான், அதுக்குள்ள கை நடுங்குது? காலையில டீ குடிக்கலையா?" என்றான் மாப்பிள்ளை, இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டே.

"நீயே தொட்டுப் பாரு."

மாப்பிள்ளை குனிந்து உள்ளங்கையை வைத்தான். "வெயில்ல காஞ்சிருக்கும்."

காலையிலிருந்து மழை. அடுக்களையில் இருந்த ஒரே ஜன்னலிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, நடுப்பகல் வெளிச்சமே பழைய துணி வழியாக வடிகட்டியதுபோல மஞ்சளாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வெயில் எங்கே அடித்தது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சாப்பாட்டுக் கடைகளின் அடியில் இருக்கும் கொழுப்புக் குழிகளை அள்ளுவதுதான் இருவருக்கும் தொழில். தட்டு கழுவிய தண்ணீர் இந்தக் குழிக்குள் வந்து சேரும். தண்ணீர் அடி வழியாக வெளியே போய்விடும், கொழுப்பு மட்டும் மிதந்து, உறைந்து, ஏடுமேல் ஏடாகக் கட்டி நிற்கும். அதை ஒருவன் இறங்கிச் சுரண்டி வாளியில் போட வேண்டும். இன்னொருவன் மேலே நின்று இழுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இறங்குகிறவன் மாப்பிள்ளை. இழுக்கிறவன் இவன். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது அதற்குப் பிறகுதான்.

போன வருஷம் வேறொரு குழியில் மாப்பிள்ளையைப் பாதி உயிரோடுதான் இழுத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து இவர்கள் வேலைக்குக் கிளம்பும்போது தங்கச்சி வாசல்வரை வருகிறாள். இன்று காலையும் வந்தாள். "அண்ணே, நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. அவரை நடந்தே வீட்டுக்குள்ள வர வை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கதவைப் பிடித்திருந்த கை சிரிக்கவில்லை.

இந்த வேலையை இவன்தான் கேட்டு வாங்கினான். கடையை வாங்கியவர் மறுபடி திறக்கப் போகிறார் என்று மேஸ்திரி சொன்னதுமே, நாங்க போறோம் என்று முந்திக்கொண்டான். மேஸ்திரி ஷட்டரைத் திறந்துவிட்டு, காலி டிரம் ஏற்றிவரப் போயிருந்தார். திரும்ப மூன்று மணியாகும்.

இருவரும் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கடைதான் அவர்களுக்கு வீடு. சாலை வளைகிற இடத்தில் வண்டியை நிறுத்தும்போதே வெங்காயம் வதங்கும் வாசனை வந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். கிழிந்த சிவப்பு மெத்தை போட்ட நீளப் பெஞ்சுகள், அடுக்களைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு சதுர ஓட்டை, அதில் தட்டை வைத்துவிட்டு மணியை ஒரு தட்டுத் தட்டும் சமையல்காரி. எல்லோருக்கும் அவள் பெரியக்கா. கரண்டி கையிலிருந்தால் நிறுத்தத் தெரியாதவள். இரண்டு கையாலும் தட்டை மூடிக்கொண்டால்தான் விடுவாள், சில சமயம் கைமேலேயே ஊற்றிவிடுவாள். அந்த ருசியை வேறெங்கும் அவன் கண்டதில்லை. அந்தத் தட்டுகளைக் கழுவிய தண்ணீர் எங்கே போனது என்று அப்போதெல்லாம் யார் நினைத்தார்கள்?

கடப்பாறையைக் கொடுத்து மூடியை நெம்பினான்.

கொழுப்புக் குழியின் நாற்றம் அவனுக்குப் பழகியதுதான். கெட்டுப்போன முட்டையும் வாந்தியும் கலந்து, தொண்டையில் பிசினாக ஒட்டி, இரண்டு நாள் குளித்தாலும் சோற்றில் மணக்கும் நாற்றம். அதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். வந்தது அதுவல்ல. வெங்காய வாசனை. இப்போதுதான் கல்லில் போட்டுக் கிளறியதுபோல, விளிம்பு கருகிய, இனிப்பேறிய வெங்காயம். அதற்கு அடியில், வாசனை கொஞ்சம் அடங்கியபோது, பல் துலக்காமல் முகத்துக்கு நேரே பேசுகிறவனின் மூச்சு மாதிரி ஒரு வெதுவெதுப்பு.

அவன் வாயில் எச்சில் ஊறியது. அருவருப்பில் ஊறியது என்று நினைத்துக் காறித் துப்பினான். மறுபடி ஊறியது.

"பெரியக்கா இன்னும் சமைச்சுக்கிட்டுதான் இருக்கா போல" என்று மாப்பிள்ளை சிரித்தான்.

வழக்கப்படி மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டி இறக்கினார்கள். விஷக் காற்று இருந்தால் சுடர் சுருங்கி அணைந்துவிடும். அணையவில்லை. சுடர் ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்தது, நின்றது, பிறகு மறுபக்கம் மெதுவாகச் சாய்ந்தது.

"காத்து போய் வருது மச்சான். நல்ல குழி."

இன்னொரு வழக்கமும் உண்டு. ஆள் உள்ளே இருக்கும்வரை பேச்சு நிற்கக் கூடாது. மேலே இருப்பவன் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கீழே இருப்பவன் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் யோசிக்காமல் இழு. பதில் வருகிறதா, ஆள் நன்றாக இருக்கிறான். இத்தனை வருஷமும் மாப்பிள்ளையை உயிரோடு வைத்திருந்தது இந்த ஒரு சட்டம்தான்.

மாப்பிள்ளை இறங்கினான். ஒன்றரை ஆள் ஆழம். கீழே போனதும் குழி பக்கவாட்டில் திரும்பி, சாப்பாட்டு அறைக்கு அடியில் நீண்டிருந்தது. மாப்பிள்ளையின் நெற்றி விளக்கு அந்தப் பக்கம் திரும்பியது. அப்புறம் கயிறு மட்டும் தெரிந்தது.

"எப்பிடி இருக்கு?"

"மெத்தை மாதிரி இருக்கு. உன் வீட்டுல கூட இவ்வளவு மெத்துன்னு கெடையாது."

"என் வீட்டுல யார் உன்னைப் படுக்கச் சொன்னது?"

முதல் வாளி வந்தது. மூன்று வருஷக் கொழுப்பு கல்லாகியிருக்க வேண்டும். இது பிசைந்த மாவுபோலத் தளதளவென்று இருந்தது, ஓரத்தில் மஞ்சள், நடுவில் வெள்ளை, ஊடே தலைமுடி, முட்டை ஓடு, வளைந்த கரண்டி ஒன்று. ஆவி பறந்தது. கையோடு கொண்டுவந்திருந்த தகர டப்பாவில் கவிழ்த்தபோது வாளியை விட்டு வர மனசில்லாமல், நீண்டு, இழுபட்டு, பொத்தென்று விழுந்தது. கயிற்றில் வழிந்த கொழுப்பு அவன் விரல் இடுக்குகளில் ஏறியது. சட்டையில் துடைத்தான். போகவில்லை.

"மச்சான், ஒருநாள் பெரியக்கா எனக்கு ரெண்டு முட்டை போட்டுட்டு ஒண்ணுதான்னு சாதிச்சாளே, ஞாபகம் இருக்கா?"

"உன் மூஞ்சியைப் பார்த்தா யாருக்கும் பாவமாத்தான் இருக்கும்."

கீழேயிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னால் இன்னொரு சத்தம். ஈரமாக, நிதானமாக, சப்பென்று.

"என்ன சத்தம் அது?"

"எது?"

"மெல்லுற சத்தம்."

"ஒண்ணுமில்ல. வாயில தெறிச்சிடுச்சு."

"துப்பு."

காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தான். துப்புகிற சத்தம் வரவில்லை. விழுங்குகிற சத்தம் வந்தது. தொண்டை முழுக்க நிறைந்து, கஷ்டப்பட்டு இறங்கும் ஒரு பெரிய விழுங்கல்.

"துப்பிட்டேன் மச்சான்" என்றான் மாப்பிள்ளை.

நான்காவது வாளியில் அதைப் பார்த்தான். கொழுப்புக் கட்டியின் ஓரத்தில் அரை வட்டமாக ஒரு கடி. பல் பதிந்த தடம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வாந்தியெடுக்கச் சுவரைப் பிடித்துக் குனிந்தான். ஒன்றும் வரவில்லை, எச்சில்தான் வந்தது, கட்டுக்கடங்காமல், நாயின் வாயிலிருந்து வடிவதுபோல.

"போதும், மேல வா."

"இன்னும் கொஞ்சம்."

"மாப்ளே, வான்னா வா. எனக்கு இது சரியாப் படல."

"பசிக்குது மச்சான். காலையில அவ ஒண்ணும் போடல."

பொய். தங்கச்சி போட்டதை இவன் பார்த்தான். இழுக்கலாமா என்று கயிற்றை இறுக்கினான். ஆனால் பதில் வருகிறதே. கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருக்கிறானே. பேச்சு இருக்கும்போது ஆளை இழுத்தால் கால் சிக்கி இடுப்பு ஒடியும், அதையும் அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். விட்டுவிட்டான்.

அடுத்த வாளி. அதில் ஐந்தாறு கடிகள். ஒன்று அகலமானது, நான்கு விரல் உள்ளே போகும். ஒன்று முன்பல் இல்லாத வாய் கடித்தது, நடுவில் மேடாக நின்றது. ஒன்று மிகச் சின்னது. பொம்மை வாய் அளவு.

மழைச் சத்தம் கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். மழை ஓட்டின்மேல் பெய்துகொண்டுதான் இருந்தது. அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று தரைக்கு அடியில் இருந்தது. நூறு பேர் ஒரே நேரத்தில் தலை நிமிராமல் சாப்பிடும் சத்தம். சப்பல். உறிஞ்சல். விரல் நக்கல்.

"மாப்ளே. கூட யாரு?"

"எல்லாரும்தான்."

"தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்றது? ஏறி வா!"

"அவளையும் கூட்டிட்டு வா மச்சான். அவளும் பசியோடதான் இருப்பா."

குரல் வலப்பக்கமிருந்து வந்தது.

கயிறு இடப்பக்கம் போயிருந்தது.

இழுத்தான். இரண்டு காலையும் குழியின் விளிம்பில் ஊன்றி, கயிற்றை முழங்கையில் சுற்றி, முதுகெலும்பு முறுக இழுத்தான். கொழுப்பேறிய கயிறு ஒரு முழம் வந்தால் அரை முழம் வழுக்கியது. பல்லால் கவ்வினான். நாக்கில் அந்த ருசி பட்டது. பெரியக்காவின் ருசி. கண்ணில் நீர் முட்டியது. அதைச் சப்பாமல் இருக்க நாக்கைக் கடித்தான். கடித்தும் ஒருமுறை சப்பினான்.

"இழுக்காத மச்சான்" என்றது குரல், இப்போது எல்லாப் பக்கத்திலிருந்தும். "சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்ல."

வந்தது. முதலில் கயிறு, பிறகு முடிச்சு, பிறகு ஒரு பெரிய வெண்மஞ்சள் மூட்டை. விளிம்பில் புரட்டி, ஓடு பதித்த தரையில் போட்டான். சளக்கென்று விழுந்தது. கை இருந்தது. கால் இருந்தது. தலை இருக்கும் இடத்தில் தலை அளவுக்கு உருண்டை. மேலெல்லாம் ஒரு சாண் கனத்துக்குக் கொழுப்பு. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது.

உயிர் இருக்கிறது. மூச்சு விட வழிதான் இல்லை.

சுரண்டியை எடுத்தான். முகத்தை வழித்தான். மஞ்சள் ஏடு. வழித்து உதறினான். வெள்ளை ஏடு. உதறினான். பழுப்பு. முடி கலந்த சாம்பல். "பொறு மாப்ளே. பொறு. இதோ." நெஞ்சு இன்னும் ஏறி இறங்கியது. வேகமாக. சுரண்டியைப் போட்டுவிட்டு விரலால் தோண்டினான்.

உதடு தட்டுப்பட்டது.

வழித்துவிட்டான். வாய் திறந்தது. சூடான மூச்சு அவன் மணிக்கட்டில் பட்டது. "மாப்ளே!" என்று அழுதேவிட்டான். மூக்கைத் துடைத்துவிட்டால் போதும். விரலை மேலே கொண்டுபோனான்.

மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு வாய்.

கன்னத்தில் ஒன்று. நெற்றியில் இரண்டு. பல்லில்லாத ஈறுகளோடு ஒன்று. உதட்டுச் சாயம் பூசிய ஒன்று. பால்பல் மட்டும் முளைத்த ஒன்று, தாடைக்குக் கீழே. கழுத்தில். தோளில். வழிக்க வழிக்க வாய்கள். எல்லாம் மென்றுகொண்டிருந்தன.

ஒரே நேரத்தில் மெல்லுவதை நிறுத்தின.

"மச்சான்" என்றது ஒன்று, மாப்பிள்ளையின் குரலில். எது என்று பார்ப்பதற்குள் மூடிக்கொண்டது. "மச்சான்" என்றது இன்னொன்று, அதே குரலில். பிறகு எல்லாம். தங்கச்சி புருஷன் கூப்பிடுவது போலவே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து.

"பசிக்குது மச்சான்."

அவன் ஓடவில்லை. எங்கே ஓடுவது, அவளிடம் போய் எதைச் சொல்வது? இதில் ஒன்று மாப்பிள்ளையின் வாய். ஒன்றாவது. எது என்றுதான் தெரியவில்லை. தெரியாமல் எதைப் பட்டினி போடுவது?

வாளியை முழங்காலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். கையை உள்ளே விட்டு ஒரு உருண்டை எடுத்து, கழுத்திலிருந்த வாய்க்குக் கொடுத்தான். பிறகு கன்னத்துக்கு. பிறகு நெற்றிக்கு. அவன் மோவாயிலிருந்து எச்சில் வடிந்து அவற்றின்மேல் சொட்டியது. அவை அதையும் நக்கிக்கொண்டன. ஒன்றுக்கு ஊட்டி முடித்து அடுத்ததற்குப் போவதற்குள், முதல் வாய் அவன் விரல்களைச் சுத்தமாகச் சப்பிவிட்டு மறுபடி அகலத் திறந்து காத்திருந்தது.